சிட்டையைக் கிழிக்கப் பாத்தாய்ங்க மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமா? இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கு, மத்தபடி எல்லாரும் நலம். ஆறு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல, உன் பெரியப்பா காரியத்துக்கும் வரமுடியல, அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு. நேர்ல வந்தா திட்டிக்க. இப்ப ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், உன்னய விட்டா இது யாருக்கும் புரியாது.

ஆத்தங்குடில நான் கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக்குடுத்த டைல்ஸ் பட்டறை ஞாபகம் இருக்கா, கண்ணாடி மேல கலர் ஊத்துறத நீ அரை மணி நேரம் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னியே, அதே இடம்தான். போன வியாழக்கிழமை காலைல ஏழரைக்கு அங்க கம்ப்யூட்டர் பாக்குற தம்பிகிட்டேருந்து போன். “அண்ணே டேட்டாபேஸ் எந்திரிக்க மாட்டேங்குது, லாரி வாசல்ல நிக்குது, எந்தப் பெட்டில எந்த டிசைன்னே தெரியல.” முந்தின ராத்திரி நல்ல மழை, இடி, கரண்ட் வேற போயிருந்துச்சு, சரி யுபிஎஸ் பேட்டரி கைவிட்டிருக்கும், அதுல ஏதோ ஃபைல் அடிவாங்கிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே வண்டிய எடுத்தேன்.

அந்தத் தம்பி கிட்ட ஸ்டேட்டஸ் பாத்தியாடான்னேன். “பாத்தேண்ணே, ஆக்டிவ்னுதான் காட்டுது”ன்னான். அங்க ஓடுற டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், உபுண்டு லினக்ஸ்ல சிஸ்டம்சிடிஎல்ங்கிற கமாண்டுல வெறுமன அந்தப் பேரக் கேட்டா ஆக்டிவ், எக்ஸிட்டட்னு பச்சைல காட்டும்ல, அது வெறும் உறை, உள்ள ஆள் இருக்கானா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நெசமான நெலமயச் சொல்ற பிஜி எல்எஸ்க்ளஸ்டர்ஸ் கமாண்ட அடிச்சுப் பாத்தாதான் சேப்புல டவுன்னு வந்துச்சு. எத்தன பேரு இந்தப் பச்சைய நம்பி ஒரு நாள் பூரா நெட்வொர்க்கயும் ஃபயர்வாலயும் நோண்டிக்கிட்டு இருப்பாய்ங்களோ.

சர்வர் நடந்தத எழுதி வைக்குற லாகத் தொறந்தா கடைசி வரில டேட்டா டைரக்டரி பெர்மிஷன், அதாவது அந்த ஃபோல்டர யாரு தொடலாம்ங்கிற அனுமதி, சரியில்ல, 0700 இல்லாட்டி 0750தான் இருக்கணும்னு கெடக்கு. நம்ம தம்பி நான் வர்றதுக்குள்ள 777 போட்டு வச்சிருக்கான்! ஊருக்கே கதவத் தொறந்து விட்டா போஸ்ட்கிரஸ் எந்திரிக்காதுடான்னு திட்டிட்டு 700க்கு மாத்தினேன். அடுத்து வேற எர்ரர், எந்திரிக்கறப்ப எழுதுற போஸ்ட்மாஸ்டர் டாட் பிஐடி ஃபைல எழுத முடியல, டிஸ்க்ல இடமில்ல. எனக்கு நம்பிக்கை வரல மாப்ள, ஏன்னா ரூட்டா, எல்லா அதிகாரமும் உள்ள யூசரா, போயி அதே பார்ட்டிஷன்ல ஒரு ஃபைல் எழுதிப் பாத்தேன், நல்லாவே எழுதுச்சு. டிஸ்க் எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு காட்டுற டிஎஃப் போட்டா நூறு சதவீதம். அப்புறம்தான் மண்டைல ஒறைச்சுச்சு, இஎக்ஸ்டி4ங்கிற ஃபைல் சிஸ்டத்துல அஞ்சு சதவீதம் ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும், அதுலதான் நான் எழுதியிருக்கேன், போஸ்ட்கிரஸ் யூசருக்கு அதுல பங்கு கெடையாது.

லாக மேல மேல ஏறிப் படிச்சா, சர்வர் படுத்தது புதன் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு. மழையே எட்டு மணிக்குத்தான் ஆரம்பிச்சுச்சு. கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!

எடத்த அடைச்சது பிஜி வால் ஃபோல்டர், எந்த மாத்தத்தையும் டேட்டாபேஸ் மொதல்ல எழுதி வைக்குற எடம். ஒண்ணு 16 எம்பி, அஞ்சாயிரத்துக்கு மேல ஃபைல், கிட்டத்தட்ட 80 ஜிபி. நான் ஆர்க்கைவ்னு போட்டுருந்தேன்ல, அந்த ஃபைலோட காப்பி அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு வெளி ஹார்ட்டிஸ்குக்குப் போற மாதிரி. அந்த ஹார்ட்டிஸ்க ஏழு வாரத்துக்கு முன்னாடி யாரோ கல்யாண வீடியோ காப்பி பண்ணக் கழட்டிக்கிட்டுப் போயி திருப்பி மாட்டவே இல்ல. ஆர்க்கைவ் ஆகாம ஒரு ஃபைலக்கூட போஸ்ட்கிரஸ் அழிக்காது. பட்டறை ஓடுற பத்து மணி நேரத்துல 120 ஃபைல், நாளைக்கு ரெண்டு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி, அப்படியே சேந்து கழுத்த நெரிச்சிருச்சு.

தம்பி என்ன சொன்னான் தெரியுமா? “லாக் ஃபைலுதானண்ணே, வால ஒட்ட வெட்டிரலாம்.” கை கீபோர்டுல, அழிக்குற கமாண்ட் ஆர்எம் டைப் பண்ணி எண்டர் தட்டப் போறான். கையப் புடிச்சு இழுத்தேன் மாப்ள, எனக்கு ஒடம்பு வேர்த்துருச்சு. முன்ன இந்த ஃபோல்டருக்கு எக்ஸ்லாக்னு பேரு இருந்தப்ப லாக்தானேன்னு நெறைய பேரு அழிச்சுப்புட்டு டேட்டாபேஸயே பறிகுடுத்தாய்ங்க, அதுனாலயே 2017ல வந்த பத்தாம் வெர்ஷன்ல பேர மாத்தினாங்க. பேரு மாறியும் பயலுகளுக்குக் கை அங்கதான் போகுது.

அவனுக்கு எப்படி வெளக்குறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப முதலாளியோட ஐயா வந்து திண்ணைல உக்காந்தாரு. சின்ன வயசுல பினாங்குல பெட்டியடிப் பையனா, கடைல கணக்குக்கு எடுபிடியா, இருந்தவரு. என்னப்பா பிரச்சினைன்னு கேட்டாரு. சொன்னேன், ஐயா, எந்தக் கணக்கும் மொதல்ல அன்னன்னைக்கு எழுதுற சிட்டைல ஏறும், அப்புறம் சாவகாசமா ஆளுக்கொரு பக்கம் வச்ச பேரேட்டுக்குப் போகும், நடுவுல வெளக்கு அணைஞ்சுபோச்சு, இப்ப இந்தப் பய எடம் பத்தலன்னு சிட்டையக் கிழிச்சுப் போடலாங்கிறான். அவரு தம்பியப் பாத்தாரு. “பேரேட்டுல பாதி ஏறி பாதி ஏறாம இருக்கையில சிட்டையக் கிழிச்சா, யாரு கடன் அடைச்சான் யாரு அடைக்கலன்னு எப்படிடா சொல்லுவ?” அவ்வளவுதான், பய மொகம் மாறிப்போச்சு. காலேஜ்ல நம்ம சார் ஒரு செமஸ்டர் பூரா நடத்தினத அந்த மனுசன் ஒரே கேள்வில நடத்திட்டாரு.

அதுக்கப்புறம் நான் எதையும் தொடல. மொதல்ல டேட்டா டைரக்டரி மொத்தத்தையும் அப்படியே வேற டிஸ்குக்குக் காப்பி எடுத்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, லாரிக்காரர் ரெண்டு தடவ வந்து எட்டிப்பாத்தாரு, டீ குடிங்கண்ணேன்னு அனுப்பிட்டேன். பெறகு டியூன்2எஃப்எஸ் கமாண்டுல ரூட் ஒதுக்கீட்ட அஞ்சுலேருந்து ஒண்ணாக்கினேன், 200 ஜிபி பார்ட்டிஷன்ல எட்டு ஜிபி கெடைச்சுச்சு. ஸ்டார்ட் குடுத்தேன். ரெகவரி நடக்குதுன்னு ஒரு வரி, ரீடூ, அதாவது வால்ல இருக்குறத திரும்ப ஏத்துறது, ஆரம்பம்னு ஒரு வரி, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல மாப்ள, அந்தக் கொஞ்ச நேரத்துல நான் பிள்ளையார்பட்டிக்குத் தேங்காய் வேண்டிக்கிட்டேன். கடைசியா கனெக்‌ஷன் வாங்கத் தயார்னு வந்துச்சு. புதன் சாயங்காலம் போட்ட கடைசி ஆர்டர், நீலமும் மஞ்சளும் கலந்த பூ டிசைன் 340 கல்லு, அப்படியே இருந்துச்சு. ஹார்ட்டிஸ்க மாட்டினதும் ஆர்க்கைவ் ஒவ்வொண்ணா போக ஆரம்பிச்சு, சாயங்காலத்துக்குள்ள வால் சுருங்கிருச்சு.

ஆனா எனக்குத் தூக்கம் வரல. ஆர்க்கைவ் ஃபெயில்னு ஏழு வாரமா லாக்ல ஓயாம எழுதிக்கிட்டே இருந்திருக்கு, ஒருத்தரும் படிக்கல. நானும் படிக்கல. அந்த டிஸ்க் கழண்டு கெடந்த ஏழு வாரத்துல மெயின் டிஸ்க் போயிருந்தா அந்தக் குடும்பத்து ஏழு வாரப் பொழப்பு போயிருக்கும், அங்க நாப்பது பேரு வேல பாக்குறாங்க. என்னய நம்பி விட்ட எடம்டா அது.

இப்ப தெனமும் காலைல ஆர்க்கைவ் போகுதான்னு சொல்ற பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர பாத்து தம்பி எனக்கு மெசேஜ் போடணும்னு வச்சிருக்கேன். ஐயாவும் விடமாட்டேங்கிறாரு, பட்டறைக்குள்ள வந்ததும் “சிட்டை போயிருச்சா?”ன்னுதான் மொதக் கேள்வியாம்.

நீ எனக்கு ரெண்டு ஒதவி பண்ணணும். உங்க ஆபீஸ்ல டிஸ்க் எம்பது சதவீதம் தாண்டினா போனுக்கு அலர்ட் வர்ற மாதிரி ஒண்ணு எழுதுனேன்னு சொன்னில்ல, அத அனுப்பு. அப்புறம் வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுல கெடக்குற பழைய மெஷின்ல பேக்கப்ப முழுசா ரெஸ்டோர் பண்ணிப் பாக்கப்போறேன், இது வரைக்கும் ஒரு தடவகூட பண்ணினதில்ல. காலைல பத்து மணிக்கு மேல போன எடுத்துப் பக்கத்துல வச்சுக்க, தூங்கிறாத.

அன்புடன்,
உன் ரூம்மேட்
காரைக்குடி