சுவரை நாக்கில் வைத்துப் பார்த்த அண்ணனுக்கு

அண்ணே,

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் போட்டோம். தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. கோயில் சுவரில் உள்ளேயும் வெளியேயும் ஆறடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சை உடைத்து எடுக்கிறோம். நீங்கள் போன் எடுப்பதில்லை. பேத்தி படித்துக் காட்டுவாள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கும். அதனால் ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தச் சிமெண்டைப் பூசச் சொன்னது யார், பணம் யாருடையது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வாசல் கிரானைட் கல்லில் பெயர் இருக்கிறது, போதும்.

அந்தப் பூச்சுக்கு முன், பாவசங்கீர்த்தனத் தொட்டியை (சாமியார் உட்கார்ந்து பாவ அறிக்கை கேட்கும் மரக்கூண்டு) நகர்த்திய அன்று தெற்குச் சுவரில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஒன்று பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினீர்கள், நாக்கு நுனியில் வைத்தீர்கள், கீழே துப்பினீர்கள். "உப்பு. இதுக்கு மேல சிமெண்டு பூசாதீங்கடா." அவ்வளவுதான். கோயிலில் துப்பியதற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். கான்ட்ராக்டர் சிரித்தார். நானும்தான்.

ஏன் பூசக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணே. "கூடாது" என்று மட்டும் சொன்னால் படித்த பிள்ளைகள் கேட்பார்களா?

காரணம் இதுதான். நம் கோயில் நிற்பது வண்டல் களிமண்ணில். வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நாலடி தோண்டினாலே ஊற்று. அந்த ஈரம் செங்கல் வழியாக ஏறும், மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளை உண்டு. ஈரம் வெளியே போய்விடும், உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டால் தீர்ந்தது. சிமெண்டு போட்டு அடைத்தால் ஈரம் இன்னும் மேலே வழி தேடும். முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த கறை இப்போது மூன்றாம் சிலுவைப்பாதைப் படத்தின் சட்டத்தைத் தொடுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலையே பொடியாக்குகிறது. விரல் முட்டியால் தட்டினால் தொம் தொம் என்று சத்தம் வருகிறது. பூச்சு பலகை மாதிரி தனியாக நிற்கிறது, உள்ளே செங்கல் மாவாகக் கொட்டுகிறது. தரையில் விட்ரிஃபைடு டைல் போட்டதும் சேர்ந்துகொண்டது. பழைய செங்கல் ஓட்டுத் தரை வழியே போன ஈரத்துக்கு இப்போது சுவரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியை மறுபடி சுவரோடு ஒட்டி வைத்ததும் நாங்கள்தான். பின்பலகையில் இடுப்பளவுக்குக் கரையான். இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, கால்களுக்குக் கருங்கல் துண்டு வைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. தேக்குதான், ஆனால் பின்பக்கம் வெள்ளைமரம்.

இப்படி எழுதுவதால் எல்லாப் பழியும் எங்கள் தலையில் என்று நினைக்க வேண்டாம். பிரசங்கத் தொட்டியை, சாமியார் ஏறி நின்று பிரசங்கம் வைக்கும் அந்த மர மேடையை, இறக்கியது உங்கள் காலத்தில்தானே? நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க முழந்தாளிடும் கிராதியை அறுத்ததும்? உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது என்பீர்கள். 1962 முதல் 1965 வரை நடந்த அந்தச் சங்கத்தின் ஏடு எதிலும் பிரசங்கத் தொட்டியை உடை என்று கட்டளை இல்லை. 1964இல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தலும் பலிபீடம் சுவரை விட்டுத் தள்ளி, சுற்றி வரும்படி இருப்பது நல்லது என்றுதான் சொல்கிறது. பிரசங்கத் தொட்டியில் தலைக்கு மேல் இருந்த அந்தக் கூரைப்பலகை அழகுக்கு வைத்ததல்ல. மைக் இல்லாத காலத்தில் சாமியார் குரல் உத்தரத்துக்குப் போகாமல் சனங்கள் பக்கம் திரும்புவதற்கு. மரமெல்லாம் எங்கே போனது என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இங்கேயும் கேட்கப்போவதில்லை.

உடைத்தபின் உடனே பூச முடியாது. ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கணக்கு. இரண்டடிச் சுவர், இரண்டு பக்கமும் திறந்துவிட்டாலும் ஒரு வருஷம் ஆகும். ஆக, அடுத்த கொடியேற்றத்துக்குக் கோயில் செங்கல் தெரிய அம்மணமாக நிற்கும். சப்பரம் வரும் நாளில் இப்படியா என்று முணுமுணுப்பவர்களுக்குச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பூக்கிற உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி ஊறப்போடுகிறோம். சல்லடையில் வடிகட்டாமல் விட்டால் நீறாத கட்டி ஆறு மாதம் கழித்துப் பூச்சுக்குள் பொரிந்து குழி விழும். சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்று மணல் மூன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டும். நம் போர் தண்ணீர் உவர், அதனால் குளத்துத் தண்ணீர். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டினால் வெடிக்கும். ஈரச் சாக்குக் கட்டி ஒரு வாரம் காக்காவிட்டால் தொட்டால் மாவாக உதிரும். ஐப்பசி கார்த்திகையில் கை வைக்கவே கூடாது, தை பிறந்த பிறகுதான். வெல்லம் எவ்வளவு என்பதில் மட்டும் ஆளுக்கொரு கணக்கு. கூடினால் எறும்பு வரும். உங்கள் கைக்குத் தெரியும்.

பிள்ளைகள் கோயில் வரலாறு எழுதி பேனர் வைக்கப்போகிறார்கள். வீரமாமுனிவர் கட்டியது என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். டெல்டாவில் பழைய கோயில் எதைக் கேட்டாலும் அவர் பெயர்தான். அவர் 1747இல் காலமானார். ஏலாக்குறிச்சியை அவருக்கே விடுவோம். நாம் மயிலாப்பூர் மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) போர்த்துக்கீசிய ஆதரவில் இருந்தவர்கள், 1952இல்தான் தஞ்சாவூர் தனி மறைமாவட்டம் ஆனது. கும்பகோணம் 1899இலேயே புதுச்சேரியிலிருந்து பிரிந்தது, அங்கே பிரெஞ்சு சாமியார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க் கோயில்கள் ஏன் வேறு வேறு ஜாடையில் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் எழுதச் சொன்னேன்.

நீங்கள் வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான் அன்று சிரித்தது தப்பு. நீங்கள் அதற்காக ஒன்பது வருஷம் திருவிழாவுக்குக்கூட வராமல் இருந்ததும் தப்புதான்.

சக்கிறீஸ்து (பூசைச் சாமான் வைக்கும் அறை) அலமாரிச் சாவி உங்களிடம் இருக்கிறது. லத்தீன் பூசைக் காலத்துப் பட்டு உடுப்புகள் அதற்குள்தான். அலமாரி தெற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது, கீழ்த்தட்டு ஈரம் குடித்திருக்கும். மடிப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி வைத்துப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும், தொங்கவிட்டால் சரிகைக் கனத்துக்கே தோள் கிழியும். பூட்டை உடைக்கலாம் என்றார்கள். பொங்கல் வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.