கணக்கு முடிக்காதவருக்கு மறுபடி பதவி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிர்வாகத்தில் நம் மரபு விழுமியங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நேர்மை, பொறுப்பு, தன்னலமின்மை எல்லாம் சரிதான். அவற்றை விதியாக எழுதிவைத்த ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் உத்திரமேரூர். அந்தப் பெயரைச் சொன்னதும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஆட்களைத் தேர்ந்த குடவோலைக் குலுக்கலை மட்டும் பேசுகிறோம். பதவியை விட்டு இறங்குபவரிடம் கணக்கு வாங்கிய முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்றைய குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதுதான் தேவை.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் பிறகு திருத்தி 921-இலும் ஊர்ச் சபை வகுத்த விதிகள் அவை. வாரியம் எனப்பட்ட நிர்வாகக் குழுவில் பதவி வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் மகன் பெயரும் போகாது. மைத்துனரை உட்காரவைத்துப் பழைய கணக்கை மூட வழியே இல்லை. பதவிக்காலம் 360 நாள். இன்னொன்று: கணக்கு எழுதியவர்தான் அதைக் காட்ட வேண்டும், வேறு கணக்கர் வந்து முடித்துத்தரக் கூடாது.

ஆனால் நம் சங்கங்களில் நடப்பது என்ன? புதுப் பொருளாளர் வங்கி இருப்பை ஆரம்ப இருப்பாக எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் கான்ட்ராக்டர் பழைய பில்லோடு வந்து நிற்பார். வவுச்சரும் இருக்காது, ஒப்புதல் தந்தது யார் என்பதும் தெரியாது.

பதவி முடியும் நாளிலேயே செக் கையெழுத்து அதிகாரத்தை நிறுத்திவிட வேண்டும். அன்றே ரொக்கத்தை இருவர் முன்னிலையில் எண்ணி, ரொக்கப் புத்தகத்தை பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட வேண்டும். வங்கியில் இன்னும் கழியாத செக்குகள், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பில் மூன்றுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். இவற்றைப் பழைய பொருளாளரே பொதுக்குழுவில் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். ஆடிட்டர் வாசித்தால் கேள்விக்குப் பதில் வராது. பொதுக்குழு கணக்கை ஏற்றுத் தீர்மானம் போடும்வரை அவரோ வீட்டாரோ எந்தக் குழுவுக்கும் நிற்கக் கூடாது என்று துணைவிதியில் சேர்த்துவிடுங்கள்.

நிலவுடைமை, வேதக் கல்வி என்று அந்தப் பிராமணர் சபை வைத்த தகுதிகள் நமக்கு வேண்டாம். ஊரில் பெரும்பாலோரை அவை வெளியே நிறுத்தின. ஆனால் குலுக்கல் நடந்த விதத்தைப் பாருங்கள்: குடத்தை எல்லோரும் காண உயர்த்துகிறார்கள், விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான், சபையின் அலுவலரான மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து வாங்கி உரக்கப் படிக்கிறார், அங்குள்ள நம்பிமார் (கோயில் பூசகர்கள்) அனைவரும் திரும்பப் படிக்கிறார்கள். உள் தணிக்கைக் குழுவுக்குத் தலைவரே ஆள் நியமிப்பதை விட்டு, தகுதியுள்ள உறுப்பினர்களிலிருந்து இப்படிப் பொதுக்குழு முன்னால் சீட்டெடுக்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், காஞ்சிபுரம்