திருகோணமலைத் துறைமுகத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய திருகோணமலை, மூதூர், கிண்ணியா மக்களுக்கு,

மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து வங்கக் கடலைக் கடந்து 1100 கடல் மைலுக்கு மேல் பாய்விரித்து வந்த எங்கள் படகின் சுழலியை (படகை உந்தும் விசிறியை) எஞ்சினோடு இணைக்கும் தண்டில், கொட்டியாரக் குடாவின் வாசலில் வைத்து, அறுந்து மிதந்த ஒரு வலையின் கயிறு சுற்றிக்கொண்டது. எஞ்சின் நின்றது, தண்டைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் முறிந்தன, தண்டு வெளியேறும் இடத்தால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. வாடைக்காற்றோ எங்களை வெளிச்சவீட்டு முனைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

முதல் நன்றி, தொழிலை விட்டுவிட்டு எங்களிடம் வந்த மூதூர்ப் படகுக்காரர்களுக்கு. மேலே ஏறி வாருங்கள் என்று நாங்கள் அழைத்தபோது அவர்களில் மூத்தவர், “மஞ்சள் கொடி கட்டியிருக்கிறீங்க தம்பி, இப்ப நாங்க ஏறினா உங்களுக்குத்தான் கரைச்சல்” என்று சொல்லிக் கயிற்றை மட்டும் வீசினார். வெளிநாட்டிலிருந்து வரும் படகு, சுகாதாரம், குடிவரவு, சுங்கம் ஆகிய மூன்றும் முடியும்வரை அந்தக் கொடியை இறக்கக் கூடாது. அதுவரை அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் படகில் ஏறவோ படகிலிருந்து இறங்கவோ கூடாது. ஆபத்து நேரத்திலும் எங்கள் பத்திரங்களுக்குப் பழுது வராமல் உதவ வேண்டும் என்று நினைத்த அந்த மனது பெரியது. வானொலியின் 16ஆம் அலைவரிசையில் எங்கள் அழைப்பை ஏற்று, இழுத்து வர இசைவு தந்து, நங்கூரமிடும் இடம்வரை வழிகாட்டிய துறைமுகக் கட்டுப்பாட்டு அறையினருக்கும் இதே நன்றி உரியது.

துறைமுக அலுவல்களை எங்களுக்காகக் கவனித்த முகவர், கடைசித் துறைமுகத்தின் புறப்பாட்டு அனுமதி, பணியாளர் பட்டியல், படகுப் பதிவு, கடவுச்சீட்டுப் பிரதிகள் அனைத்தையும் நாங்கள் வருமுன்பே அடுக்கி வைத்திருந்தார். அதனால்தான் சுங்க உத்தியோகத்தர் எரிபொருள், மதுபானம், உதிரிப்பாகம் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியும் வேலை விரைவாக முடிந்தது. அடித்தளத்திலிருந்து பம்ப் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்ட அவர், திருத்துபவர்கள் ஏறுவதற்கு வழிவிட வேண்டும் என்று சொல்லித் தேநீரைக்கூட மறுத்துவிட்டார். எதையும் அவர் விட்டுவிடவில்லை. எதற்காகவும் எங்களை அலைக்கழிக்கவும் இல்லை.

துறைமுகத் தண்ணீரில் இறங்க முகவர் அனுமதி பெற்றுத் தந்ததும் சுழியோடி வந்தார். உராய்வுச் சூட்டில் நைலோன் உருகித் தண்டோடு கல்லாக இறுகியிருந்ததால் கத்தி பயன்படவில்லை. இரும்பறுக்கும் வாளின் அலகை மட்டும் துணி சுற்றிக் கையில் பிடித்து, மூச்செடுக்க மேலே வந்து வந்து, தண்டில் ஒரு கீறலும் விழாமல் அதை அறுத்தெடுத்தார். லேத் பட்டறை ஐயா, முறிந்த போல்ட்டுகளை ஒட்டித் தர மறுத்து, கறள் பிடிக்காத உருக்கில் புதியவற்றைக் கடைந்து தந்தார். கடலில் ஒட்டு வேலையை நம்பக் கூடாது என்ற அவரது பிடிவாதத்தை நாங்கள் மனதார ஏற்கிறோம்.

தண்டை எஞ்சினோடு பொருத்தச் சிங்கப்பூரிலிருந்து வந்த இணைப்புப் பாகம், பயணத்தில் உள்ள படகுக்குரியது என்ற குறிப்பை அனுப்பியவர்கள் விட்டுவிட்டதால், சாதாரண இறக்குமதியாகக் கணக்கிடப்பட்டுத் தேங்கியது. அந்தப் பத்திரங்களைத் திருத்தி, சுங்க மேற்பார்வையுடன் படகுக்கே கொண்டுவந்து சேர்ப்பித்த அனைவருக்கும் நன்றி. காத்திருந்த நாட்களில் இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பிய அக்காமாருக்கும்தான்.

ஒரு வேண்டுகோள். அந்த வலை யாருடையது என்று நாங்கள் அறியோம். அது ஒரு குடும்பத்தின் முதலாக இருக்கக்கூடும். நீல மிதவைகள் கோத்த அதன் துண்டை முகவரிடம் கொடுத்திருக்கிறோம். உரியவர் அடையாளம் சொன்னால், புதிய வலைக்கான பணத்தை முகவரே எங்கள் சார்பில் தருவார்.

நன்றியுடன்,
லங்காவிப் பாய்மரப் படகுக் குடும்பத்தினர்