ஐந்துக்கு ஏழு புள்ளி

மயிலாடுதுறை
மார்கழி 24

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. 67 வயதில் புல்லாங்குழல் வாங்கியிருக்கிறாய், மூன்று வாரமாக வெறும் காற்றுதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். உரக்கப் படித்துக் காட்டினேன். கல்யாணி வெகுநேரம் சிரித்தாள். உன்னைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதற்காகவும் சேர்த்துத்தான் சிரித்தாள். நான் இப்போது கோலம் போடுகிறேன்.

ஐப்பசியில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது உனக்குத் தெரியும். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. வாசல் நான்கு நாள் வெறுமையாகக் கிடந்தது. ஐந்தாம் நாள், "துக்க வீடு மாதிரி இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நான் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டு, கோலப்பொடி டப்பாவோடு குனிந்தேன். அவள் நிலைப்படிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியை எடுத்து, லேசாக உரசி இழையாக விடவேண்டும். அழுத்தினால் தடித்துப்போகும், தயங்கினால் அந்த இடத்தில் குவிந்துவிடும். முதல் வாரம் பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "நாய் குறுக்கே ஓடிவிட்டதா சார்?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

பூக்கோலம் எனக்கு வரவில்லை. சிக்குக் கோலத்தில்தான் சிக்கிக்கொண்டேன். அதில் கோடு புள்ளியைத் தொடாது. புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓடி, ஓரத்துக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்பும். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்தால் ஒரே இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. 3-க்கு 3 வைத்தால் தனித்தனியாக மூன்று இழைகள். 4-க்கு 6 வைத்தேன், இரண்டு. 6-க்கு 9, மூன்று. பழைய டைரி ஒன்றில் இருபது பக்கம் தீர்ந்த பிறகுதான் உறைத்தது. மீ.பொ.வ.! ஏழாம் வகுப்பில் நம் இருவரையும் பெஞ்சு மேல் நிற்க வைத்ததே, அதே மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். அது எத்தனையோ அத்தனை இழை. 34 வருடம் கணக்கு எழுதிச் சோறு தின்றவன் நான். ஒரு நாளும் ஓர் எண் என்னை இப்படித் துள்ள வைத்ததில்லை.

ஓடிப்போய்க் கல்யாணியிடம் சொன்னேன். "சதுரமாக வைத்தால் ஒரே இழையாக வராது என்று அம்மா அப்போதே சொல்வாளே" என்றாள். அதற்குக் கல்யாணி வழியும் வைத்திருக்கிறாள். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 5-க்கு 5 வைத்து, நாலே இடத்தில் திருப்பி ஒரே இழையாக்கச் சொல்லிக் கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

பேரன் ஒரு கட்டுரை அனுப்பினான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணமே எழுதியிருக்கிறார்கள், 1974-லேயே. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ஆப்பிரிக்காவில் இருக்கும் அங்கோலா. அங்கே சோக்வே மக்கள் மணலில் விரல் நுனியால் புள்ளி வைத்து, நம் சிக்குக் கோலம் போலவே கோடு இழுத்துக்கொண்டே கதை சொல்வார்களாம். சோனா என்று பெயர். அங்கே அதைப் போடுவது ஆண்கள்! எதிர்வீட்டு அம்மா நக்கலாகப் பார்த்தபோது இதை எடுத்துவிட்டேன். "அப்படியென்றால் அங்கே போய்ப் போடுங்களேன்" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பணம், அவள் வலி, எனக்கு முன்னால் அவளா அவளுக்கு முன்னால் நானா என்று மனம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஐந்தரைக்கு வாசலுக்குப் போனால் அரைமணி நேரம் அது எதுவும் நினைவில் இல்லை. அடுத்த வளைவு இடமா வலமா என்பது மட்டும்தான். ஏழு மணிக்குள் சைக்கிள்கள் பாதிக் கோலத்தைக் கொண்டுபோய்விடுகின்றன. முதலில் கோபம் வந்தது, இப்போது வருவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அரிசி மாவு. அதை எறும்புகள் பார்த்துக்கொள்கின்றன.

தங்கை சரோஜாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் புல்லாங்குழலுக்கு முன்னால் அதை எழுது.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் 5-க்கு 7 வைத்திருக்கிறேன். புள்ளி மட்டும்தான். கை எடுக்காமல் இழையைப் போட்டுத் திருப்பி அனுப்பு. சரோஜாவிடம் கேட்கக் கூடாது.

அன்புடன்,
சேது