டிரம் பக்கத்தில் எதை வைப்பது?

வாலாஜாபேட்டை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. அப்பாவுக்கு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்தோம், அந்த அலைச்சல். இப்போது நன்றாகப் பார்க்கிறார். பேப்பர் கையில் கிடைத்தால் ராசிபலனில் இருந்து டெண்டர் விளம்பரம் வரை விடாமல் படிக்கிறார், எங்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்லணுமா என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம்மை ஆபரேட்டர் பார்த்து ஓட்ட ஒரு திரை வைப்பதற்காக நீ அனுப்பிய ரெண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். ஒருத்தர், திரையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற பேனல் பிசியை டிரம் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார். இன்னொருத்தர், அங்கே வெறும் டச் மானிட்டர் போதும், கம்ப்யூட்டர் கன்ட்ரோல் ரூமிலேயே இருக்கட்டும் என்கிறார். ஒயர் குறைவு, பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது என்று உங்கள் முதலாளிக்கு முதலாவது பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் ரெண்டாவது ஆள் பக்கம். விலைக்காகச் சொல்லவில்லை. எது முதலில் கெடும், ராத்திரி ஷிஃப்டில் அதை யார் மாற்றுவார்கள், இந்த ரெண்டையும் யோசித்துத்தான் நான் எந்த இடத்துக்கும் எழுதிக் கொடுக்கிறேன்.

தோல் ஷாப்பில் தண்ணீரைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் காற்று. முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறீர்கள். அப்புறம் சுண்ணாம்பை எடுக்கும்போது காரம் இறங்க இறங்க ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. அந்த முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும், அதனால்தான் ஆளுக்கும் அது எமன். மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷாப்பில் மின்சாரப் பேனல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒயர் போட்டு அதிக காலம் ஆகவில்லை. ஒயர் முனையில் மாட்டுகிற லக்குக்குப் பக்கத்தில் தோலுரித்த செம்பு கரி பூசினது மாதிரி கறுத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ரிலே சுவிட்சின் காண்டாக்டில் இருக்கிற வெள்ளியையும் இந்த வாயு விடாது. கம்ப்யூட்டர் போர்டில் ஓடுகிற செம்புத் தடங்கள் இதைவிட எவ்வளவோ மெல்லிசு. போர்டுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து வாங்கலாம், கேட்டால் சில கம்பெனிகள் செய்து தருவார்கள். ஆனால் செருகுகிற இடங்களில் பூச முடியாதே.

மானிட்டருக்குள்ளும் போர்டு இருக்கிறது, அதுவும் ஒருநாள் கெடும். கெட்டால் போவது திரை மட்டும். பேனல் பிசி கெட்டால் எந்த ரசாயனம் எவ்வளவு என்கிற ரெசிபி, ஒவ்வொரு பேட்ச் தோலின் ரிக்கார்டு எல்லாமே அந்தப் பெட்டியோடு சென்னைக்கு சர்வீஸுக்குப் போகும். கண்ணாடி உடைந்தாலும் அதே கதை. கத்தி முனையால் திரையைத் தட்டுகிறவர்கள் உங்கள் ஆட்களில் இல்லை என்று நீ சத்தியம் செய்தால் நான் நம்பத் தயாரில்லை.

ஐபி 65 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்தாயா? தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். பெரும்பாலும் அது முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்னால் எல்லா சாக்கெட்டும் திறந்தே இருக்கும். மின்சாரப் பேனலின் கதவில் பதித்தால் சரி. தனிக் கம்பத்தில் நிறுத்தினால், தரை கழுவுகிற ஹோஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? கம்பம்தான் என்றால் சுற்றிலும் ஐபி 65 உள்ளதாகக் கேள்.

அதேபோல 50 டிகிரி வரை தாங்கும் என்கிறார்கள். அது பெட்டியைச் சுற்றியிருக்கிற காற்றின் சூடு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42, ஷீட்டுக் கூரை, மூடின பேனல். உள்ளே 50 என்பது பெரிய விஷயமே இல்லை. மின்விசிறி இல்லாத கம்ப்யூட்டர் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபரேட்டர் ஒரு பட்டனை நாலு தடவை அழுத்துவார், நாலும் சேர்ந்து ஒன்றாக ஓடும்.

டச் எந்த வகை என்றும் கேள். போனில் இருக்கிற கெப்பாசிட்டிவ் வகை, தண்ணீர் சொட்டினால் தானாகவே அழுத்திக்கொள்ளும்; தடித்த ரப்பர் கையுறைக்கு மசியாததும் உண்டு. அழுத்தத்தை உணர்கிற ரெசிஸ்டிவ் வகையில் கீறல் விழும், ஆனால் கையுறையோடு வேலை செய்யும். டிரம் பக்கத்துக்கு எனக்கு ரெசிஸ்டிவ் போதும்.

என் பக்கத்திலும் ஓட்டை உண்டு: கேபிள். சாதாரண எச்டிஎம்ஐ 10 மீட்டரைத் தாண்டினால் தகராறு ஆரம்பம். டச்சுக்கான யுஎஸ்பி 5 மீட்டரோடு சரி. அதற்கு மேல் என்றால் ரெண்டு முனையிலும் சிக்னலைத் தூரம் கடத்துகிற எக்ஸ்டெண்டர் பெட்டி வைத்து, நெட்வொர்க்குக்குப் போடுகிற கேட் 6 கேபிளில் 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம். கெடுவதற்கு இன்னும் ரெண்டு பெட்டி சேருகிறது என்பது உண்மைதான், ஒரு ஜோடி ஸ்டோரில் வாங்கி வை. அந்தக் கேபிளை, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவில் இருந்து மோட்டாருக்குப் போகிற கேபிளோடு ஒரே டிரேயில் மட்டும் போட விடாதே. டிரம் சுற்ற ஆரம்பித்ததும் திரை கண் சிமிட்டும், எல்லோரும் மானிட்டரைத் திட்டுவார்கள்.

ஃபினிஷிங் பக்கம் தோலின் பரப்பை அளக்கிற மெஷினுக்குப் பேனல் பிசியே வாங்கு. காய்ந்த இடம், வாயு இல்லை, கன்ட்ரோல் ரூமும் தூரம். ஒரு பவர் ஒயர், ஒரு லேன் ஒயர், வேலை முடிந்தது. அங்கே மானிட்டர் தனி, கம்ப்யூட்டர் தனி என்று இழுப்பதுதான் வீண் செலவு. எந்த விண்டோஸ் என்று மட்டும் எழுதி வாங்கு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது, பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளியிடம் விட்டுக்கொடுக்காதே. டிரம்மை ஓட்டுகிற லாஜிக், மெஷினை ஓட்டுவதற்கென்றே இருக்கிற கன்ட்ரோலரான பிஎல்சியில்தான் இருக்கணும், எமர்ஜென்சி ஸ்டாப் கைக்கு எட்டுகிற தனிப் பட்டனாகத் தனி ஒயரில் இருக்கணும். முதல் கொட்டேஷனில் பிஎல்சி என்ற வார்த்தையையே காணோம். எல்லாவற்றையும் அந்தப் பேனல் பிசிக்குள்ளேயே சாஃப்ட்வேராக ஓட்டுகிற எண்ணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்டுத் தெளிவாக்கு.

இன்னும் ஒருத்தருக்கும் வார்த்தை கொடுத்துவிடாதே. டிரம்மில் இருந்து கன்ட்ரோல் ரூமுக்குக் கேபிள் போகிற வழியாக எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து அனுப்பு, நேர்கோட்டில் வேண்டாம். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பழைய பேனலுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அதையும் எழுது. எக்ஸ்டெண்டர் விலையை நான் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்