காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர்களுக்கு: ‘எரர்’ சீட்டு ஒட்டுவதற்கு முன்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தே வயசு சொல்லுகிற உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் காசுத் தட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கொஞ்ச நாளாக நெளிந்த காசு, நசுங்கிய காசு எல்லாவற்றிலும் ‘எரர்’ என்று, அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்ட காசு என்று, சீட்டு தொங்குகிறது. ஓட்டைக் காலணாவில்கூடப் பார்த்தேன்! போர்க்காலத்தில் செம்பை மிச்சம்பிடிக்க 1943-இலிருந்து ஓட்டையோடுதான் அதை அடித்தார்கள்.

போன தை மாதம் நானும் ஏமாந்தேன். அறுநூறு ரூபாய். கடை எது என்பது வேண்டாம்; விற்றவருக்கும் தெரிந்திருக்காது. பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசு, சிங்கப் பக்கத்தில் ‘5’ இடம் வலம் மாறி, குழியாக விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தால், அந்த 5-க்கு அடியில் சிங்கத்தின் நசுங்கிய பிடரி தெரிகிறது. மறுபக்கத்து எழுத்தெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி தட்டை. இரண்டு காசைச் சேர்த்து பட்டறை வைஸில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாணயச்சாலையில் நடப்பது வேறு. அடித்த காசு ஒன்று சிங்க அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்று வில்லையில், அதாவது இன்னும் அடிக்காத வட்டத் தகட்டில், ஒரு பக்கம் வழக்கமான 5 புடைப்பாக விழும். மறுபக்கம், ஒட்டிய காசின் 5 குழியாக விழும். சிங்க அச்சைத்தான் அந்தக் காசு மறைத்துக்கொண்டிருக்கிறதே, பிடரி எங்கிருந்து வரும்?

பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஓரம் போன காசுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. தகட்டில் ஏற்கெனவே வில்லை வெட்டிய ஓட்டையின் மேலேயே மறுபடி வெட்டு விழுந்தால் அந்தப் பிறை வரும். அடிப்பதற்கு முன் வில்லையை உருட்டி விளிம்பு எழுப்பும்போது, கடிபட்ட இடத்தில் அழுத்தம் இல்லாததால் நேர் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு சரியாக எழும்பாது. அதனால் கடியைப் பார்க்காதீர்கள், எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வெட்டில் அரத்தின் கோடும் தெரிந்தால் கேள்வியே இல்லை. காசின் மேல் கோடு இருந்தால் அதையும் பாருங்கள். அச்சில் விட்ட விரிசல் என்றால் காசில் மேடான கோடாக வரும். பிறகு பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். உழுத மண் போல ஓரத்தில் உலோகம் ஒதுங்கியிருக்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று. எங்கள் ஆச்சியின் பெட்டகத்தில் இருந்த விக்டோரியா ரூபாயில் ராணியின் தலைக்கு மேல், விளிம்பில், மிளகளவு ஒரு கட்டி. ‘கூடுதல் உலோகம், அபூர்வ எரர்’ என்று ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். மாலையில் கோப்பதற்காக ஆசாரி வளையம் பற்றவைத்து, பிறகு அறுத்த தடம் அது. கட்டியைச் சுற்றி வெள்ளியின் நிறமே வேறு. அதற்கடியில் விளிம்புப் பற்கள் அப்படியே இருக்கின்றன. பற்கள் வந்த பிறகு ஏறியதுதானே கட்டி? அந்த ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்த காசு அதற்கு மேல் காட்டினால் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள். நகைக்கடைத் தராசு இல்லாத தெரு நம் ஊரில் உண்டா?

சேதப்பட்ட காசை விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. வளையம் அறுத்த ரூபாயை ‘மாலையில் இருந்தது’ என்றே எழுதி விற்கலாம். எனக்கென்னவோ அதற்குத்தான் மவுசு அதிகம் என்று படுகிறது. சந்தேகமானதற்கு வெறும் எடையை மட்டும் சீட்டில் எழுதினாலும் போதும், வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

அந்த ஐந்து ரூபாய் என்னிடமே இருக்கிறது. பணம் திரும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் லென்ஸோடு வருகிறேன். நசுங்கிய பிடரியை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கைக்காரன்