விசேஷ எண்ணெய் விற்கும் அக்காமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் வாட்சாப் குழுக்களிலும் வாசனை எண்ணெய் விற்கும் அக்காமார்களுக்கு, வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் ஒரு வருடத்துக்கு மேல் எண்ணெய் வாங்கியவள் நான். யாரென்று சொல்லப் போவதில்லை. நல்ல மனசுக்காரர், என்னை ஏமாற்ற நினைத்தவரும் இல்லை. எனக்கு அப்போது 34 வயது, கல்யாணமாகி மூன்று வருடம். எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் “என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?” தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிப் பால்குடமும் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் ஒருவர் ஒரு மூலிகைச் செடியின் எண்ணெய் அடைத்த, கைக்குள் அடங்குகிற சின்னப் பாட்டிலைக் கொடுத்து, “இது கிளாரி சேஜ், ஹார்மோனைச் சரி பண்ணும், மூணு மாசத்துல நல்ல சேதி வரும்” என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

அடிவயிற்றில் அப்படியே தடவச் சொன்னார், தடவினேன். நாலாம் நாள் தோல் சிவந்து கொப்பளித்தது. போன் பண்ணிக் கேட்டால், “உள்ளே இருக்கிற விஷம் வெளியே போகுது, நிறுத்திடாதே” என்றார். விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. எதிலும் கலக்காமல் தடவிய எண்ணெய் தோலைச் சுட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பதினாலு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போனோம். எனக்கு பி.சி.ஓ.எஸ். இருந்தது, அதாவது ஹார்மோன் கோளாறால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத பிரச்சினை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. டாக்டர் அதோடு விடவில்லை. முதல் நாளே என் கணவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எண்ணிக்கை குறைவு. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்குமாம். நானோ பதினாலு மாதமாக என் வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்! இன்றைக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

அக்கா, “ஹார்மோன் பேலன்ஸ்” என்று பாட்டிலில் ஒட்டியிருக்கிறீர்களே, எந்த ஹார்மோன்? தைராய்டா, புரோலாக்டினா, இன்சுலினா, புரோஜெஸ்டெரோனா? ஒவ்வொன்றும் கெடுவதற்குக் காரணம் வேறு, மருந்தும் வேறு. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் டாக்டருக்கே தெரியாது, பாட்டிலுக்கு எப்படித் தெரியும்? வாசனை எண்ணெய் கருமுட்டையை வளர்க்கும், கரு தங்க வைக்கும் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் கிடையாது.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாவெண்டரை இன்னமும் வைத்திருக்கிறேன். பதற்றம் கொஞ்சம் அடங்குகிறது, மாதவிடாய் வலிக்கு நீர்த்த எண்ணெய் போட்டு உருவினால் சுகமாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சிறிய ஆய்வுகள் ஓரளவு ஆதரவாக உண்டு. இதைச் சொல்லியே விற்கலாமே. பிள்ளை வரம் எதற்கு?

சட்டத்தையும் ஞாபகப்படுத்துகிறேன், கோபிக்க வேண்டாம். நம் மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமாவோடு குழந்தையின்மையும் சேர்ந்தே இருக்கிறது. “30 நாளில் கரு நிற்கும்” என்று வாட்சாப்பில் போஸ்டர் சுற்றும்போது இதை யோசியுங்கள்.

என்னை ரொம்ப உறுத்துவது இன்னொன்று. நான் வாங்கிய கிளாரி சேஜ் பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில், கர்ப்பிணிகள் தவிர்க்கவும் என்று அச்சடித்திருந்தது. கர்ப்பமாவதற்கென்று விற்ற எண்ணெய்! பிள்ளைக்கு முயல்கிற பெண், கருமுட்டை வெடித்த நாளிலிருந்து அடுத்த மாதவிடாய் வரும் வரை, தனக்கே தெரியாமல் கர்ப்பிணியாக இருக்கலாம். மாதத்தில் பாதி நாள் அப்படித்தான். அதனால் கர்ப்பிணிக்கு ஆகாதது அவளுக்கும் ஆகாது. கிளாரி சேஜ் வேறு, வெறும் சேஜ் வேறு என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? இரண்டையும் “சேஜ் எண்ணெய்” என்றே விற்பதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண சேஜில் இருக்கும் துஜோன் என்ற பொருள் நரம்பைத் தாக்கி வலிப்பு வரவைக்கக் கூடியது.

தள்ளிப்போன மாதவிடாயை வரவழைக்கும் என்று சொல்லி எதையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பென்னிராயல் என்ற புதினா இனத்து எண்ணெய்க்கு அப்படி ஒரு பழைய பெயர் உண்டு. 1978இல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருத்தி அதில் ஏறக்குறைய 30 மில்லி குடித்து, கல்லீரல் கெட்டு இறந்துபோனாள். சுடுதண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடி என்று சொல்வது உங்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். தயவுசெய்து எந்த எண்ணெயையும் குடிக்கச் சொல்லாதீர்கள். “இயற்கைதானே” என்பீர்கள். நம் பினாங்கு ஜாதிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். பாயசத்தில் ஒரு சிட்டிகை போடுவதும், கிலோ கணக்கில் காய்ச்சி வடித்த எண்ணெயும் ஒன்றாகுமா?

சரி, எப்படிக் கொடுக்கலாம்? 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ ஆறு சொட்டு கலந்தால் அது ஏறக்குறைய 1 விழுக்காடு. பிள்ளைக்கு முயல்கிறவர்களுக்கு அது போதும். முதலில் முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கட்டும். பெர்கமோட் என்ற எலுமிச்சை இனத்து எண்ணெயைத் தடவிக்கொண்டு நம் ஊர் வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருத்துப்போகும், அதையும் சொல்லுங்கள். வாசனையைக் காற்றில் பரப்பும் டிப்யூசர் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து அரை மணி நேரம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம். பாட்டிலைக் காரில் போட்டு வைக்கச் சொல்லாதீர்கள். சூட்டிலும் காற்றிலும் கெட்டுப்போன லாவெண்டர்தான் அதிகம் அரிப்பைக் கொடுக்கும்.

ஐ.வி.எஃப்., அதாவது கருவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை, செய்யப் போகிறவர்கள் உங்களிடம் வந்தால், முட்டை எடுக்கும் நாளிலும் கரு வைக்கும் நாளிலும் எந்த வாசனையும் வேண்டாம் என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். சென்ட், தைலம், தலைக்குத் தேய்த்த எண்ணெய், ஒன்றும் கூடாது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கருவுக்குக் காற்றில் கலக்கும் ஆவிப்பொருள் ஆகாது. இது எனக்கே தெரியாமல் மல்லிகைச் சரத்தோடு போய் நின்றேன். நர்ஸ் மிஸ்ஸி வாசலிலேயே அவிழ்க்க வைத்தார்.

இன்னொரு விஷயம், பணம். மாதம் எண்பது வெள்ளி உங்களிடம் கொடுத்த நான், ஐ.வி.எஃப். சிகிச்சைக்குக் கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதை அந்தக் கிளினிக்கில்தான் தெரிந்துகொண்டேன். உங்களிடம் வருகிற பெண்களுக்கு இதையும் சொல்லுங்கள், காசு கேட்காத உதவி இது. ஒரு வருடம் முயன்றும் ஆகவில்லையென்றால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், 35 தாண்டியவர் என்றால் ஆறே மாதத்தில். மாதவிடாய் தாறுமாறாக வருகிறவள் என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். புருஷனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அப்புறம், டாக்டர் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையையோ லெட்ரோசோல் மாத்திரையையோ “எண்ணெய் போடும்போது நிறுத்திடு” என்று சொல்லும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. அதை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு முன் லாவெண்டர் வாங்க உங்கள் கடைப் பக்கம் வருவேன். கடைசி மாதவிடாய் எந்தத் தேதி என்று முதலில் என்னைக் கேளுங்கள், பிறகு பாட்டிலை எடுங்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து உங்கள் பழைய வாடிக்கைக்காரி